வேலியைத் தாண்டிய பந்து ஏன் ஹோம் ரன் ஆகவில்லை?

(திரையில்: மில்வாக்கி கவுண்டி மைதானம், கறுப்பு வெள்ளைப் படம்)

வணக்கம். தொடர்ச்சியாக 36 முறை, எதிரணியில் ஒருவரைக்கூட முதல் பேஸை எட்ட விடாமல் வெளியேற்றிய ஒரு பேஸ்பால் பிட்சர் (பந்து வீசுபவர்), அதே ஆட்டத்தில் தோற்றுப்போனார். (பேஸ் என்பது ரன் எடுக்க ஓடுபவர் வரிசையாக மிதிக்க வேண்டிய இடம்.) அவரைத் தோற்கடித்த அடியில் பந்து வேலிக்கு அப்பால் போய் விழுந்தும், அது ஹோம் ரன்னாக, அதாவது பேஸ்பாலின் சிக்ஸராக, கணக்கில் ஏறவில்லை.

1959 மே 26 இரவு, பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் இடக்கைப் பிட்சர் ஹார்வி ஹாடிக்ஸ், சளிக்காய்ச்சலோடு மில்வாக்கி பிரேவ்ஸ் அணியை எதிர்கொண்டார். அது முந்தைய இரண்டு ஆண்டுகளும் நேஷனல் லீக் (அமெரிக்காவின் இரு பெரிய பேஸ்பால் லீக்குகளில் ஒன்று) பட்டத்தை வென்றிருந்த அணி. வழக்கமாக ஆட்டம் முடியும் ஒன்பது இன்னிங்ஸ் கடந்தபோது ஸ்கோர் 0-0; சமநிலை என்பதால் ஆட்டம் நீண்டது. பன்னிரண்டு முடிந்தபோதும் அதேதான். பிரேவ்ஸின் லூ பர்டெட் மொத்தம் 12 ஹிட் (அடித்தவர் பத்திரமாகப் பேஸை எட்டும் அடி) கொடுத்தும் ஒரு ரன்கூட விடவில்லை என்பதை நினைத்தால், ஹாடிக்ஸின் சக வீரர்கள்மீது எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

பதின்மூன்றாவது இன்னிங்ஸில் பைரேட்ஸின் டான் ஹோக் முதல் பேஸுக்கு எறிந்த பந்து பிசகியதால், பெலிக்ஸ் மாண்டியா பேஸை அடைந்தார். எடி மாத்யூஸ் தன் விக்கெட்டைப் பலிகொடுத்து (கிரிக்கெட் சொல்லுக்கு மன்னிக்கவும்) அவரை இரண்டாவது பேஸுக்கு நகர்த்தினார். ஹாங்க் ஆரோனுக்கு வேண்டுமென்றே வாக் கொடுக்கப்பட்டது; அதாவது, அடிக்க விடாமல் முதல் பேஸுக்கு அனுப்பப்பட்டார். அடுத்து வந்த ஜோ அட்காக் பந்தை வலப்பக்க மைய வேலிக்கு மேலே பறக்கவிட்டார்.

கிரிக்கெட்டில் சிக்ஸர் அடித்தவர் ஓட வேண்டியதே இல்லை. மட்டையில் சாய்ந்தபடி நின்றுகொண்டு கைதட்டலை வாங்கிக்கொள்ளலாம். பேஸ்பாலிலோ பந்து மைதானத்தைவிட்டே போய்விட்டாலும், அடித்தவரும் பேஸில் இருந்தவர்களும் ஒவ்வொரு பேஸையும் வரிசைப்படி மிதித்து வீடு திரும்ப வேண்டும். முன்னே ஓடுபவரைப் பின்னே வருபவர் முந்தினால், முந்தியவர் அவுட். மாண்டியா ஓடி வந்த அந்த ஒரு ரன்னோடு ஆட்டம் முடிந்துவிட்டதாக எண்ணிய ஆரோன், இரண்டாவது பேஸைத் தொட்டதும் பாதையைவிட்டு விலகி நடந்தார். மகிழ்ச்சியில் ஓடிவந்த அட்காக் அவரைக் கடந்துவிட்டார். பின்னாளில் 755 ஹோம் ரன் அடித்த மேதை, அன்று சக வீரரின் ஹோம் ரன்னை விழுங்கிவிட்டார்! லீக் தலைவர் வாரன் ஜைல்ஸ் அந்த அடியை இரண்டு பேஸ் ஹிட்டாகக் குறைத்து, முடிவை 1-0 என்று உறுதிசெய்தார்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. பைரேட்ஸ் கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) எந்தப் பந்து வீச வேண்டும் என்று பிட்சருக்குக் காட்டிய விரல் சைகைகளைப் பிரேவ்ஸ் வீரர்கள் புல்பென்னிலிருந்து (மாற்றுப் பிட்சர்கள் பயிற்சி எடுக்கும் இடம்) தொலைநோக்கியால் பார்த்து, துண்டை அசைத்துத் தங்கள் பேட்டர்களுக்குத் தெரிவித்தார்களாம். அந்த அணியின் பிட்சர் பாப் பூல் பிற்காலத்தில் இதை வெளியே சொன்னார். என்ன பந்து வரப்போகிறது என்று முன்கூட்டியே அறிந்தும் பன்னிரண்டு இன்னிங்ஸ் தொட முடியவில்லை என்றால், அந்தக் கையை என்னவென்று சொல்வது?

1991-ல் நோ-ஹிட்டருக்கான (எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம்) வரையறை திருத்தப்பட்டது. ஆட்டம் முடியும்வரை ஹிட் விழாமல் இருக்க வேண்டும் என்றதால், ஹாடிக்ஸின் ஆட்டம் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. தான் செய்தது என்ன என்று தனக்குத் தெரியும் என்றார் அவர். அவருடைய அணி ஒன்பது இன்னிங்ஸுக்குள் ஒரே ஒரு ரன் எடுத்திருந்தால் அதே பந்துவீச்சு பெர்ஃபெக்ட் கேமாகப் (எதிரணியில் ஒருவரும் பேஸை எட்டாத ஆட்டம்) பதிவாகியிருக்கும் என்பதால், இந்தத் திருத்தம் அநியாயம் என்பதே என் கருத்து. உங்களுடையதைக் கீழே எழுதுங்கள். ஆரோனைத் திட்டுபவர்கள் மட்டும் கொஞ்சம் மரியாதையோடு திட்டுங்கள்.