ஊர் வாயும் உலைமூடியும்

(தேசிய மக்கள் தொடர்பு நாளையொட்டி, புதுச்சேரியில் இதழியல் மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

1968 ஏப்ரல் 21 அன்று டெல்லியில் முதல் அகில இந்திய மக்கள் தொடர்பு மாநாடு நடந்தது. இந்தத் தொழிலுக்கென ஒரு நெறிமுறையை அங்கேதான் ஏற்றுக்கொண்டார்கள். அந்த நாளையொட்டித்தான் இங்கே கூடியிருக்கிறோம். "சோஷியல் மீடியா வந்த பிறகு உங்க வேலை எப்படி மாறியிருக்குன்னு பேசுங்க சார்" என்று உங்கள் பேராசிரியர் கேட்டார். முப்பது வருடமாகக் கடலூரிலும் புதுச்சேரியிலும் இதே வேலையில் இருக்கிறேன். சரியாகச் செய்ததையும் சொல்கிறேன், தவறாகச் செய்ததையும் சொல்கிறேன்.

நான் சேர்ந்த காலத்தில் ஒரு பி.ஆர்.ஓ.வுக்கு, அதாவது மக்கள் தொடர்பு அதிகாரிக்கு, ஒரு டைப்ரைட்டர், ஒரு டெலிபோன் டைரி, ஒரு டூவீலர் போதும். காலையில் செய்திக்குறிப்பை எழுதுவோம். மேலதிகாரி திருத்துவார். அதை நகலெடுத்து, போட்டோவின் பின்பக்கம் யார் யார் என்று பென்சிலால் எழுதி, கவரில் போட்டு, மதியம் மூன்று மணிக்குள் பத்திரிகை அலுவலகங்களில் சேர்க்க வேண்டும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் கிளம்பிப் புதுச்சேரியில் கடைசிக் கவரைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது இருட்டியிருக்கும். மறுநாள் எல்லாப் பேப்பரையும் வாங்கி, வந்த செய்தியைக் கத்தரித்து ஃபைலில் ஒட்டி, எத்தனை பத்தி, எத்தனை சென்டிமீட்டர் என்று ஸ்கேலால் அளந்து மேசையில் வைப்போம். எங்களுக்கான மதிப்பெண் அதுதான். பதினைந்து பத்திரிகையாளர்களோடு நல்ல பழக்கம் இருந்தால் வேலை ஓடிவிடும். அந்தப் பதினைந்து பேர் போடாத செய்தி ஊருக்குத் தெரியாது.

தமிழ்நாட்டில் பி.ஆர்.ஓ. என்ற சொல்லை எல்லார் வாயிலும் வரவழைத்தது சினிமா. 1958-இல் எம்.ஜி.ஆர். தயாரித்து இயக்கிய படத்துக்குப் புகைப்படங்களையும் செய்திகளையும் பத்திரிகைகளில் கொண்டுசேர்த்த ஃபிலிம் நியூஸ் ஆனந்தனைத்தான் தமிழ்த் திரையுலகின் முதல் பி.ஆர்.ஓ. என்பார்கள். அவர் வாழ்நாளெல்லாம் சேர்த்துவைத்த திரைத் தகவல்களைப் பின்னாளில் தமிழக அரசே வாங்கிக்கொண்டது. எனக்கு அவரிடம் பிடித்தது இந்த இடம்தான். தேதி, பெயர், விவரம் எதைக் கேட்டாலும் சரியாக இருக்கும் என்று நம்பி அவரிடம் போனார்கள்.

சரி, இப்போதைக்கு வருவோம். 'ஊர் வாயை மூட உலைமூடி இல்லை' என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். ஊர் எப்போதும் பேசிக்கொண்டுதான் இருந்தது. திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் ஒரு நிறுவனத்தைத் திட்டினால், அது சாயங்காலத்துக்குள் காற்றில் கரைந்துவிடும். இன்றைக்கு அதே பேச்சு எழுத்தாக, படமாக நிற்கிறது. திட்டப்பட்டவரின் போனுக்கும் வந்துவிடுகிறது. வந்ததும் அவர் மூடியைத் தேடுகிறார்.

இதற்கு நம் புதுச்சேரியிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 2012 அக்டோபரில் இங்குள்ள ஒரு தொழிலதிபர், ஓர் அரசியல் பிரமுகரைப் பற்றி ட்விட்டரில் இரண்டு வரி எழுதினார். அவரை அப்போது பின்தொடர்ந்தவர்கள் 16 பேர். புகார் போனது. இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவில் அவரைக் கைது செய்தார்கள். 16 பேருக்குத் தெரிந்த விஷயம் நாடு முழுக்கத் தலைப்புச் செய்தியாயிற்று. அந்த 66-ஏ பிரிவையே 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று ரத்து செய்தது. சட்ட விவாதத்துக்குள் நான் போகவில்லை. அந்த இரண்டு வரியை ஊருக்கெல்லாம் படித்துக் காட்டியது யார் என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

அதைத் தெரிந்துவைத்திருந்த நானே அந்தத் தவறைச் செய்தேன். சில வருடங்களுக்கு முன் ஒரு தனியார் மருத்துவமனையில் மக்கள் தொடர்பு பார்த்தேன். பெயர் வேண்டாம். ஒரு நாள் இரவு, குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பாட்டி ஸ்கேனுக்காகச் சக்கர நாற்காலியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். லிஃப்ட் நின்றுபோயிருந்தது. எப்போது சரியாகும் என்று பேரன் கேட்டிருக்கிறான். யாரும் பதில் சொல்லவில்லை. போனை எடுத்துவிட்டான். ஒன்றரை நிமிட வீடியோ. கடைசியில் அந்தப் பாட்டி, "வீட்டுக்கே போயிடலாம்டா சாமி" என்று சொல்வது கேட்கும். விடிவதற்குள் எங்கள் ஊரில் எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் அது ஓடியது.

எங்கள் ஃபேஸ்புக் பக்கத்தில் கமெண்ட்டுகள் கொட்டின. நிர்வாகம் நீக்கச் சொன்னது. நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நீக்கினேன். பத்து நிமிடத்தில் ஸ்கிரீன்ஷாட்டுகள் வந்தன, "அழிக்கிறாங்க பாருங்க" என்று. அதுவரை லிஃப்ட் பற்றி இருந்த கோபம் அதற்குப் பிறகு எங்கள் யோக்கியதை பற்றியதாகிவிட்டது. காலைக் கூட்டத்தில் ஒருவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம் என்றார். இன்னொருவர், காசு கொடுத்தால் நல்லபடியாக ரிவ்யூ எழுத ஆள் இருக்கிறது என்றார். இரண்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நான் அந்தப் பாட்டியின் ஊருக்குப் பஸ் ஏறினேன்.

திண்ணையில் பாட்டி படுத்திருந்தார். மோர் கொடுத்தார்கள். பேரன் நிமிர்ந்து பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். பிறகு ஒரு மணி நேரம் அவன் பேசினான், நான் கேட்டேன். அந்த மாதத்தில் லிஃப்ட் நின்றது அது நாலாவது தடவை. பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்து மூன்று மாதம் ஆகியும் யாரும் புதுப்பிக்கவில்லை. லிஃப்ட் ஆபரேட்டரே அவனிடம் சொல்லியிருக்கிறார். காலைக் கூட்டத்தில் இருந்த எங்களில் ஒருவருக்கும் இது தெரியாது.

இரண்டு நாளில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வைத்தோம். அதன் பிறகு எங்கள் பக்கத்தில் எளிய தமிழில் எழுதினோம்: என்ன நடந்தது, யார் பொறுப்பு, லிஃப்ட் எந்தத் தேதியில் சரியானது, இரவில் உதவி வேண்டுமானால் எந்த எண்ணைக் கூப்பிட வேண்டும். கமெண்ட்டுகளை நீக்கியது தவறு என்பதையும் எழுதினோம். அந்த வரிக்காக நிர்வாகத்தோடு அரை நாள் வாதாட வேண்டியிருந்தது. திட்டு உடனே நிற்கவில்லை. இரண்டு நாள் தொடர்ந்து, அப்புறம் ஓய்ந்தது.

என் வேலை மாறியது அந்தத் திண்ணையில்தான் எனக்கு உறைத்தது. முன்பெல்லாம் உள்ளே சொல்வதை வெளியே கொண்டுபோவேன். இன்றைக்கு வேலையில் பெரும்பாதி, வெளியே சொல்வதை உள்ளே கொண்டுவந்து, கேட்க விரும்பாதவர் முன்னால் வைப்பது. முன்னதைவிடக் கஷ்டமான வேலை இது. பத்திரிகையாளரிடம் பேசத் தைரியம் தேவைப்படவில்லை. முதலாளியிடம் பேசத் தேவைப்படுகிறது.

இதில் பழைய பாடமும் கலந்திருக்கிறது. 1906-இல் அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டி அருகே ஒரு ரயில், பாலத்திலிருந்து தண்ணீரில் விழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். விபத்து என்றால் மூடி மறைப்பதுதான் அன்றைய ரயில் கம்பெனிகளின் வழக்கம். அந்த ரயிலை ஓட்டிய கம்பெனிக்கு ஆலோசகராக இருந்த ஐவி லீ, நடந்ததைத் தானே எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். நிருபர்களை விபத்து நடந்த இடத்துக்கே வரவழைத்தார். உலகின் முதல் செய்திக்குறிப்பு அதுதான் என்பார்கள். ஆனால் அதே லீ, 1914-இல் கொலராடோ சுரங்கத் தொழிலாளர் போராட்டத்தின்போது முதலாளி தரப்புக்காக அனுப்பிய வெளியீடுகளில் தவறான தகவல்கள் இருந்தன. அவர் பெயரில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது. ஒரே ஆள் இரண்டையும் செய்திருக்கிறார். அதனால்தான், அந்த நல்லதோ இந்தத் தவறோ நம்மால் செய்ய முடியாது என்று நான் யாரிடமும் சொல்லமாட்டேன்.

இனி நான் சொல்லப்போவது, எந்த ஏஜென்சிக்காரரும் சொல்லாத மக்கள் தொடர்புக் கதை. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் நல்லவாடு மீனவர் கிராமம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களை நடத்திவந்தது. இன்னொரு மீனவர் கிராமமான வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலையின் உயரத்தை எடுத்து, தினமும் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். கட்டுமரத்தில் போகிறவருக்கு அது உயிர்ச் செய்தி. நல்லவாட்டிலும் அப்படி ஒரு மையமும் ஒலிபெருக்கியும் இருந்தன.

2004 டிசம்பர் 26 காலை. சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர் இளைஞர் ஒருவர் சுனாமிச் செய்தியைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். தண்ணீர் ஏறி வருவதாக வீட்டிலிருந்தவர்கள் சொன்னார்கள். "உடனே ஓடுங்கள், ஊருக்கும் சொல்லுங்கள்" என்றார் அவர். மையம் பூட்டியிருந்தது. கதவை உடைத்து உள்ளே போய் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஏறத்தாழ 3,600 பேர் வாழ்ந்த ஊர் ஓடித் தப்பித்தது. வீடுகள் போயின, படகுகள் போயின.

அந்த ஒலிபெருக்கி சொன்னதை ஏன் எல்லோரும் நம்பினார்கள் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். நிரூபிக்க நேரமே இல்லாத அறிவிப்பு அது. எத்தனையோ சாதாரண நாள்களில் அந்த ஒலிபெருக்கிக் குழாய், அலை எவ்வளவு உயரம், காற்று எப்படி என்று சரியாகச் சொல்லிவந்திருக்கிறது. ஆபத்து நாளில் ஊர் அதைச் சந்தேகிக்கவில்லை.

இப்போது 2024 நவம்பர் 30-க்கு வாருங்கள். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த இரவு. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் தெருக்களில் படகு ஓடியது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணை ஆற்றில் வந்து கடலூரைச் சூழ்ந்தது. உங்களில் பலர் அந்தத் தண்ணீரில் நடந்திருப்பீர்கள். ஒலிபெருக்கிக்குப் பஞ்சமே இல்லை, ஆளுக்கொன்று கையில் இருந்தது. ஏரி உடைந்துவிட்டது என்று எனக்கு ஒரு குரல் பதிவு வந்தது. யார் பேசுவது, எந்த ஏரி, எத்தனை மணிக்கு என்று எதுவும் இல்லை. பழைய வெள்ளத்தின் வீடியோ, இன்று எடுத்தது என்று வந்தது. அதே போனில்தான் பால் எங்கே கிடைக்கும், டயாலிசிஸ் நோயாளியை யார் கூட்டிப்போவார் என்ற செய்திகளும் வந்தன. இரண்டையும் பிரித்துப் பார்க்கவே அந்த இரவு போதவில்லை.

அன்றைக்கு நான் இருந்த நிறுவனத்தின் பக்கத்தில் மூன்று பழக்கங்களை விடாமல் பிடித்துக்கொண்டோம். ஒவ்வொரு பதிவிலும் தேதியும் நேரமும் போட்டோம். எங்களுக்கு யார் சொன்னது என்று எழுதினோம். 'அடுத்த தகவல் காலை ஆறு மணிக்கு' என்று சொல்லி, புதிதாக ஒன்றுமில்லாவிட்டாலும் ஆறு மணிக்கு வந்து நின்றோம். இந்த மூன்றாவதுதான் மக்களை அமைதிப்படுத்தியது. "நீங்க ஆறு மணிக்குப் போடுவீங்கன்னுதான் முழிச்சிருந்தேன்" என்று ஓர் அம்மா எழுதினார்.

விளம்பரம் பக்கம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சனி, ஞாயிறு புதுச்சேரியின் வெள்ளை நகரத் (ஒயிட் டவுன்) தெருக்களில் பத்தடிக்கு ஒரு ரீல்ஸ் எடுக்கிறார்கள். அதில் பாதி, காபிக்கடையும் தங்கும் விடுதியும் காசு கொடுத்து எடுப்பவை. காசு வாங்குவதில் தப்பில்லை, சொல்லாமல் இருப்பதுதான் தப்பு. விளம்பரத் துறை தனக்குத்தானே அமைத்துக்கொண்ட விளம்பரத் தரக் கவுன்சில் 2021-இலேயே இதற்கு விதி வகுத்தது. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் துறையும், பணமோ பொருளோ வாங்கியிருந்தால் பார்ப்பவருக்குத் தெளிவாகத் தெரியும்படி சொல்ல வேண்டும் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை, மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் உண்டு. அபராதம் கிடக்கட்டும். உங்களை நம்பி ஒரு குடும்பம் விழுப்புரத்திலிருந்து வந்து ஏமாந்து திரும்பினால், அது உங்கள் கணக்கில்தான் சேரும்.

இன்னொன்று, இது என்னை உண்மையிலேயே வருத்துகிறது. பெரும்பாலான நிறுவனங்களில் இந்தப் பக்கங்களைக் கையாள்வது யார்? இருபத்திரண்டு வயதுப் பெண்ணோ பையனோ. குறைந்த சம்பளம். இரவு பதினொரு மணிக்கு வரும் வசவுகளைத் தனியாகப் படிப்பது அவர்கள். நிர்வாகத்தில் நடப்பது எதுவும் அவர்களுக்குத் தெரியாது, ஆனால் பதில் மட்டும் அவர்கள் சொல்ல வேண்டும். நாளை உங்களில் பலர் அந்த நாற்காலியில் உட்காருவீர்கள். சேரும்போதே கேளுங்கள்: இரவில் பிரச்சினை வந்தால் நான் யாரை எழுப்பலாம்? தவறை ஒப்புக்கொள்ளும் பதிவுக்கு யார் அனுமதி தருவார்? இதற்குப் பதில் இல்லாத இடத்தில் உங்களை மூடியாக மட்டும்தான் வைத்துக்கொள்வார்கள்.

அந்த மருத்துவமனையை விட்டு வந்து எனக்கு நாளாகிறது. போன மாதம் அந்தப் பேரனிடமிருந்து ஒரு வாட்ஸ்அப். மூடியிருக்கும் லிஃப்ட் கதவின் படம். "சார், மறுபடியும் நின்னுபோச்சு. போடறதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லிடலாம்னு." இப்போது அங்கே மக்கள் தொடர்பு பார்க்கும் பெண்ணின் எண்ணை அனுப்பினேன். இருபது நிமிடத்தில் அவர் லிஃப்ட் வாசலில் வந்து நின்றார் என்று பேரனே எழுதியிருந்தான்.

நன்றி. கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.