சலுகை வாடகை ஸ்டூடியோ: கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி என்னென்ன பார்க்கணும்?

தென்னாப்பிரிக்காவுல, டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்துல இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்காங்க: "நான் எண்ணெய் வண்ணத்துல படம் வரையறேன். வீட்டு வாடகை, கரண்ட், சாமான் எல்லாமே ஏறிப்போச்சு. வீட்டுல வரைய இடமும் இல்ல. கலைஞர்களுக்குக் குறைஞ்ச வாடகையில ஸ்டூடியோ கிடைக்கும்னு சொல்றாங்களே, எப்படி வாங்குறது?"

கிடைக்கும் அம்மா. டர்பன்ல துறைமுகத்தை ஒட்டி இருக்கிற பேட் சென்டர் 1990-கள்ல, கலைஞர்கள் வேலை செய்யற அறைகளோட தொடங்கின இடம். ஜோகன்னஸ்பர்க்ல, நம்ம ஆளுங்க நல்லாத் தெரிஞ்ச ஃபோர்ட்ஸ்பர்க்லயே, பேக் ஃபேக்டரின்னு ஒரு கலைஞர் ஸ்டூடியோ இருக்கு. ஓவியர் டேவிட் கொலோவானேயும் கலை ஆதரவாளர் ராபர்ட் லோடரும் சேர்ந்து 1991-ல ஆரம்பிச்சது. கேப் டவுன் உட்ஸ்டாக்ல கிரேட்மோர் ஸ்டூடியோஸ். முதல்ல இந்த மாதிரி இடங்களுக்கு நேரா எழுதி, காலி அறை இருக்கா, காத்திருப்புப் பட்டியல் இருக்கான்னு கேளுங்க.

கேக்கும்போது ஒண்ணைத் தெளிவு பண்ணிக்குங்க: தர்றது லீஸா, ரெசிடென்சியா? ரெசிடென்சின்னா சில வாரமோ சில மாசமோதான். முடிவுல படைப்பைக் காட்டணும், பட்டறை நடத்தணும்னு கடமையும் இருக்கும். உங்க தேவை நிரந்தரமா ஒரு இடம்னா அது தீர்வு ஆகாது.

வாடகை ஏன் குறைவா இருக்குன்னும் புரிஞ்சுக்கணும். கட்டடத்தோட முழுச் செலவுல ஒரு பங்குதான் உங்க வாடகை. மீதியை நேஷனல் ஆர்ட்ஸ் கவுன்சில், லாட்டரி கமிஷன், தனியார் அறக்கட்டளைன்னு யாராவது தர்ற மானியம் தாங்குது. மானியம் தவணை தவணையாத்தான் வரும், காலக்கெடுவும் உண்டு. ஒரு தவணை தள்ளிப்போனா முதல்ல அடிபடறது கரண்ட் பில்லும் பராமரிப்பும்தான். அதனால தயங்காம கேளுங்க: கட்டடம் உங்க சொந்தமா, நீங்களும் வாடகைக்கு இருக்கீங்களா? வாடகைன்னா அவங்க லீஸ் எந்த மாசம் முடியுது? அவங்களுக்கு எட்டு மாசம்தான் பாக்கின்னா, உங்க கையில இருக்கிற ரெண்டு வருஷ லீஸை நம்ப முடியாது.

அடுத்து கணக்கு. ஒரு எடுத்துக்காட்டு: துறைமுகப் பக்கம் அறை மாசம் 1,500 ரேண்ட். டாக்சி ஒரு தடவைக்கு 25 ரேண்ட்னு வச்சா, போக வர 50. மாசம் 16 நாள் போனா 800. கரண்ட் பங்கு 300. ஆக 2,600 ரேண்ட். பக்கத்துத் தெருவுல யாராவது கராஜை 2,400-க்குத் தந்தா, கரண்ட் சேர்த்தாலும் கிட்டத்தட்ட அதே செலவு, பயண நேரமும் மிச்சம். இன்னொண்ணு, கதவு எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும்? பகல்ல வேலைக்குப் போறவங்களுக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பூட்டுற ஸ்டூடியோ இலவசமாக் கிடைச்சாலும் வீண்தான்.

லீஸ்ல வருஷ ஏற்றம் எத்தனை சதவீதம், கரண்டுக்குத் தனி மீட்டரா, டெபாசிட் எப்போ திரும்ப வரும், இதெல்லாம் எழுத்துல இருக்கணும். குடியிருப்பு வாடகைக்கான 1999 சட்டமும் அதோட தீர்ப்பாயமும் வீட்டுக்குத்தான், ஸ்டூடியோவுக்கு உதவாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 14-ஆம் பிரிவு பொருந்துற லீஸா இருந்தா, 20 வேலை நாள் முன்னாடி எழுத்துல நோட்டீஸ் கொடுத்து வெளியே வரலாம், நியாயமான ரத்துக் கட்டணம் மட்டும் கேப்பாங்க. கம்பெனிக்கும் கம்பெனிக்கும் நடுவுல போடற லீஸுக்கு இந்தப் பிரிவு கிடையாது. அதனால அவசியம் இல்லாம கம்பெனி பேர்ல கையெழுத்துப் போடாதீங்க, உங்க சொந்தப் பேர்லயே போடுங்க.

இப்போ அறை. ஓவியப் புத்தகங்கள்ல வடக்கு ஜன்னல் வேணும்னு இருக்கும். அது பூமியோட வடபாதிக்கு எழுதினது. நமக்கு வெயில் வடக்குப் பக்கம் சாய்ஞ்சு வருது, அதனால நாள் முழுக்க நிறம் மாறாத வெளிச்சம் தெற்கு ஜன்னல்லதான் கிடைக்கும். மேற்கு ஜன்னல் அறையைச் சாயங்காலம் நாலு மணிக்குப் போய்ப் பாருங்க, கேன்வாஸ்ல நிறம் எப்படி மஞ்சளடிக்குதுன்னு தெரியும். டர்பன் ஈரக்காத்துல பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். சுவர் அடிப்பக்கம் பெயிண்ட் உப்பியிருந்தா அந்த அறை வேண்டாம். எடுத்த அறையிலயும் கேன்வாஸைத் தரையில வைக்காம, சுவரை ஒட்டாம ஒரு சாண் தள்ளி, மரக்கட்டை மேல நிறுத்துங்க.

எண்ணெய் வண்ணம்னதால இதைக் கட்டாயம் சொல்லணும். லின்சீட் எண்ணெய் (ஆளி விதை எண்ணெய்) துடைச்ச துணியைச் சுருட்டி மூலையில போட்டா, எண்ணெய் காத்தோட சேர்ந்து காயும்போது உள்ளுக்குள்ள சூடேறித் தானா தீப்பிடிக்கும். மூடியுள்ள இரும்பு டப்பாவுல தண்ணி ஊத்தி அதுக்குள்ள போடுங்க. வண்ணத்தைக் கரைக்கிற டர்பன்டைன் வாடைக்கு எதிரெதிர் ரெண்டு ஜன்னலாவது திறக்கணும். கட்டடக் காப்பீடு உங்க படங்களுக்குச் சேராது, அதையும் கேட்டுக்குங்க.

விண்ணப்பத்துக்கு வழக்கமாக் கேக்கறது 10-லிருந்து 15 படம், ஒரு பக்கக் குறிப்பு, அனுபவ விவரம். ஒவ்வொரு படத்துக்கும் தலைப்பு, வருஷம், எந்த வண்ணத்துல எதுமேல வரைஞ்சதுன்னு, உயரம், அகலம் சென்டிமீட்டர்ல போடுங்க. பலர் தடுக்கி விழறது திட்டம் எழுதற இடத்துல. "அமைதியா வரைய இடம் வேணும்"னு எழுதினா தேர்வுக் குழுவுக்கு ஒண்ணும் புரியாது. "ஆறு மாசத்துல 120-க்கு 90 சென்டிமீட்டர்ல எட்டு கேன்வாஸ், காய வைக்க இவ்வளவு சுவர், தண்ணீர்க் குழாய் ஒண்ணு, சத்தம் கிடையாது, டர்பன்டைன் வாடை உண்டு"ன்னு எழுதுங்க. பக்கத்து அறைக்காரருக்கு ஒத்துவருமான்னு அவங்க அதைப் பார்த்துத்தான் முடிவு பண்ணுவாங்க.

அறை கிடைச்சதும் வாடகை ரசீதை மாசாமாசம் உங்க பேர்லயே வாங்கி வைங்க. படம் வித்து வருமானம் காட்டறவங்க அந்த வாடகையை சார்ஸ் (வருமான வரித் துறை) கணக்குல தொழில் செலவாக் கழிச்சுக்கலாம்.