ஏடிஎச்டியும் இரவு 11 மணிச் சம்படமும்

[காட்சி: இருட்டான இரண்டாங்கட்டு. சம்படத்தின் மூடி திறக்கும் சத்தம்.]

இரவு 11 மணி. காரைக்குடியில் எங்கள் வீடு அடங்கிய பிறகு நான் சம்படத்தை, அதாவது பலகார டப்பாவை, திறப்பேன். மணகோலம், சீப்புச் சீடை, அடியில் இரண்டு அதிரசம். நின்றபடியே, ருசி கூடத் தெரியாமல், வயிறு வலிக்கும் வரை தின்பேன். காலையில் ஆயா (என் பாட்டி) சம்படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நம்ம வீட்டு எலிக்கு ரெண்டே காலுதான் போல" என்பார். கேலிதான். ஆனாலும் குத்தும்.

அவர் கவனிக்காதது ஒன்று உண்டு. அன்று பகல் முழுக்க நான் சாப்பிட்டிருக்கவே மாட்டேன். காலை இடியாப்பம் தட்டிலேயே காய்ந்திருக்கும். கணினி முன் உட்கார்ந்து நிமிரும்போது மணி ஐந்தாகியிருக்கும்.

[காட்சி: தலைப்பு அட்டை]

ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் கோளாறு, என்றதும் வகுப்பில் ஓடித் திரியும் பையன்தான் பலருக்கும் நினைவுக்கு வருவான். சத்தமில்லாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண் பிள்ளைக்கும் அது இருக்கலாம். அவளை யாரும் கண்டுகொள்வதில்லை. என்னையும் முப்பது தாண்டித்தான் கண்டுபிடித்தார்கள். மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு இது. அறிகுறிகள் சிறு வயதிலேயே தொடங்கிவிடும்.

சரி, சாப்பாடு இதில் எங்கே வருகிறது?

பசி என்பது உடம்பு உள்ளிருந்து கொடுக்கும் குரல். ஏடிஎச்டி உள்ள பலருக்கு, ஒரு வேலையில் மூழ்கிவிட்டால் அந்தக் குரல் காதில் விழாது. கை நடுங்கி, தலை வலித்து, எரிச்சல் வந்த பிறகுதான் பசியே புரியும். அந்த நேரத்தில் எழுந்து மாவைத் தேடி, அடுப்பை மூட்டி, தோசை ஊற்றுவது மலையைப் புரட்டுவதுபோல இருக்கும். ஒரு வேலையைப் படிப்படியாகக் கோத்துச் செய்வதுதானே எங்களுக்கு வராத வித்தை! சம்படத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. திறந்தால் போதும். இனிப்பும் எண்ணெய்ப் பலகாரமும் மூளையில் ஆசையையும் உற்சாகத்தையும் கிளப்பும் டோபமைன் என்ற வேதிப்பொருளை உடனே தூண்டுவதால், களைத்த மூளை அதைத்தான் கேட்கும். நிறுத்தும் பிடியும் எங்களுக்குக் கொஞ்சம் தளர்வு.

[காட்சி: திறக்காத மதியச் சாப்பாட்டு டப்பா]

மருந்தும் ஒரு காரணமாகலாம். ஏடிஎச்டிக்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் பசி குறையும். பிள்ளையின் டப்பா நிரம்பியபடியே திரும்பி வரும். மாலையில் மருந்தின் வேகம் இறங்கியதும் அகோரப் பசி. அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். மாத்திரைக்கு முன் வயிறாரக் காலைப் பலகாரம் கொடுக்கலாமா, வேளையை மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பிள்ளையின் எடையையும் உயரத்தையும் அவர் பார்த்துவர வேண்டும்.

சிலருக்குச் சிக்கல் உணவின் பதத்தில். கத்தரிக்காயின் வழவழப்பு தொண்டையில் இறங்காது. பந்தியில் இலையை மூடினால் திமிர் என்று பெயர்.

ஏடிஎச்டி உள்ள எல்லாருக்கும் உணவுக் கோளாறு வராது. வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், அவ்வளவுதான். கட்டுப்பாடின்றி மிகையாக உண்பதை 2013-இல் வந்த, மனநல மருத்துவர்கள் நோயைக் கண்டறியப் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேடு தனி நோயாகவே சேர்த்தது. கொஞ்ச நேரத்தில் மிக அதிகமாக, நிறுத்த முடியாமல் உண்பது, வாரம் ஒரு முறையாவது, மூன்று மாதம் தொடர்ந்தால் அதைக் கணக்கில் எடுப்பார்கள். பண்டிகை வாரத்தில் பத்து தேன்குழல் தின்றது இதில் சேராது.

[காட்சி: மடித்த காகிதச் சீட்டு]

என் கவனத்தைப் பற்றி மருத்துவர் நிறையக் கேட்டார். சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் வெட்கத்தில் சொல்லவில்லை. ஒரு வருடம் வீண். அடுத்த முறை, எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டேன் என்று ஒரு வாரக் கணக்கைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். கவனத்தையும் சாப்பாட்டையும் சேர்த்துப் பார்க்க மனநல மருத்துவரும் உணவியல் நிபுணரும் தேவை. வெறும் 'டயட்' அட்டையோடு திரும்பாதீர்கள். பகலில் பட்டினி கிடந்தால் இரவுச் சம்படம் இன்னும் சீக்கிரம் திறக்கும். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. எந்த நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். தின்றதை வாந்தி எடுப்பது, மயக்கம், மளமளவென்று எடை இறங்குவது என்றால் காத்திருக்காமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

எனக்குக் கைகொடுத்தது எங்கள் வீட்டுப் பழைய வழக்கமேதான். காலைப் பலகாரம், மதியச் சாப்பாடு, நாலு மணிக்கு இடைப்பலகாரம், இரவுப் பலகாரம். பசியை நம்பாமல் மணியை நம்புகிறேன். நாலு மணிக்கு ஆயா "பசிக்குதா?" என்று கேட்பதில்லை. வெள்ளைப் பணியாரத்தட்டை விசைப்பலகை மேலேயே வைத்துவிட்டுப் போய்விடுகிறார்.

[காட்சி: எண்ணெய் படிந்த விசைப்பலகை]