பிரசவத்திற்குப் பின் அரைமணி நேரம்

நேயர்களுக்கு வணக்கம். குழந்தை பிறந்துவிட்டது என்று கேட்டதும் வீட்டார் சர்க்கரை வாங்கக் கடைக்குப் போகும் அந்த அரைமணி நேரத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். எல்லாருடைய கண்ணும் குழந்தையின்மேல் இருக்கையில், நஞ்சுக்கொடி விழுந்த பின்னும் தாயின் கருப்பை இறுகாமல் உதிரம் பெருகினால், இரண்டே மணி நேரத்தில் உயிர் போய்விடக்கூடும். 2023ஆம் ஆண்டில் கருவுற்ற காலத்திலும் பேறுகாலத்திலும் இறந்த தாய்மார்கள் ஏறத்தாழ 2,60,000 பேர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களில் பத்துக்கு ஏழு பேர் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளைச் சேர்ந்தவர்கள். அந்த இறப்புகளுக்கான காரணங்களில் முன்னே நிற்பது இந்த உதிரப்போக்குதான்.

அரை லிட்டருக்கு மேல் போனால் ஆபத்து என்று பாடநூல்கள் சொல்கின்றன. அதை அளந்தவர் யார் என்பதே என் நெடுநாள் கேள்வி. அரை லிட்டர் பாலைப் பழம்புடவை ஒன்றில் ஊற்றிப் பாருங்கள்; துணி நனைந்திருப்பது தெரியும், அளவு தெரியாது. செவிலியரின் அனுபவம் மிக்க கண்ணும் குறைத்தே மதிப்பிடுகிறது. மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும் போக்கை அது தவறவே விட்டுவிடுகிறது.

கென்யா, நைஜீரியா, தான்சானியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. தாயின் இடுப்புக்கடியில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. அதன் முனையில் கோடு போட்ட பை. உதிரம் கோட்டைத் தொட்டதும் செவிலியர் யாருக்காகவும் காத்திராமல் செயலில் இறங்குகிறார். விரிப்பு ஒன்றும் புதிதல்ல. கர்நாடகத்தின் பெலகாவிப் பகுதிக் கிராமங்களில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பயன்பட்டதுதான். முன்பெல்லாம் ஒன்று பலிக்காவிட்டால் அடுத்தது என்று செய்துவந்த சிகிச்சைகளை, அதாவது கருப்பையைத் தேய்த்துவிடுதல், கருப்பையை இறுகச் செய்யும் ஆக்சிடோசின், உறைந்த உதிரம் கரையாமல் காக்கும் டிரானெக்சாமிக் அமிலம், சிரைவழித் திரவம், பிறப்புப் பாதையில் கிழிசல் உண்டா என்ற சோதனை ஆகிய அனைத்தையும் ஒரே மூச்சில் தொடங்கியதே புதுமை. கடுமையான உதிரப்போக்கும், அதன் பொருட்டு வயிற்றைத் திறக்க நேர்வதும், இறப்பும் சேர்ந்து 60 விழுக்காடு குறைந்தன. மீண்டும் சொல்கிறேன்: அளந்தார்கள், உடனே செய்தார்கள்.

மருந்தைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. ஆக்சிடோசினை 2 முதல் 8 பாகை செல்சியஸ் வரையிலான குளிரில் வைக்க வேண்டும். மின்சாரம் நிலையில்லாத சிற்றூர்களில் அது வீரியம் இழந்துவிடுகிறது. அதைப் போலவே கருப்பையை இறுகச் செய்யும், வெப்பம் தாங்கும் கார்பெடோசினுக்குக் குளிர்பெட்டி தேவையில்லை. உதிரப்போக்கு வராமல் தடுக்க 2019 முதல் அது உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது. அந்தச் சிற்றூர்களுக்குத்தான் அது முதலில் போய்ச் சேர வேண்டும். நன்றி, வணக்கம்.