பழம் போட்ட விஸ்கி சவருக்கு உயிர் எலுமிச்சையே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

விஸ்கியோடு எலுமிச்சைச் சாறும் சர்க்கரைப் பாகும் சேர்த்துக் குலுக்கும் பானம்தான் விஸ்கி சவர். அதை வீட்டில் பழம் போட்டுக் கலக்குகிறோம். அதற்கு உயிர் கொடுப்பது பழமா, எலுமிச்சையா? பழம்தான் என்று பேசிய எதிரணித் தலைவர், "ஸ்ட்ராபெரியிலேயே புளிப்பு இருக்கிறது, எலுமிச்சையைப் பாதியாகக் குறைத்தால் குடி ஒன்றும் முழுகிவிடாது" என்றார். முழுகும், நடுவர் அவர்களே!

அமிலத்தை அளக்கும் எண் பிஎச்; அது குறையக் குறைய அமிலம் கூடும். எலுமிச்சைச் சாற்றின் பிஎச் அளவு 2-ஐ ஒட்டி வரும். ஸ்ட்ராபெரி 3-க்கு மேல், பழுத்த பீச் இன்னும் மேலே. அந்த அளவுகோலில் ஒரு எண் ஏறினாலே அமிலத்தின் வீரியம் பத்தில் ஒரு பங்காகிவிடும். 40 சதவீத ஆல்கஹாலோடு மோத, பழத்தின் புளிப்பு எங்கே போதும்? அதிலும் போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி என்றால், அது உள்பக்கம் கருக்கிய புது ஓக் பீப்பாயில் கிடந்து வந்தது. வனிலா வாசனையும் இனிப்புச் சாயலும் ஏற்கெனவே உண்டு. அதன் மேல் சர்க்கரைப் பாகு, அதற்கும் மேல் பழம். இதை யார் தட்டிக் கேட்பது?

முதல் மடக்கு அருமையாகத்தான் இருக்கும். ஐஸின் குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பு அவ்வளவாகத் தெரியாது. கிளாஸ் பாதி காலியாகி, குளிர் விட்ட பிறகு குடித்துப் பாருங்கள். அடங்கிக் கிடந்த இனிப்பெல்லாம் மேலே வந்து திகட்டும். கடைசி மடக்குவரை காப்பாற்றுவது எலுமிச்சை.

அப்புறம் அந்த வெள்ளை நுரை. முட்டை வெள்ளைக்கருவை ஊற்றி, முதலில் ஐஸ் இல்லாமல் குலுக்குகிறோம். புரதம் விரிந்து காற்றைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்த நுரை சீக்கிரம் உடையாமல் நிற்க அமிலம் உதவுகிறது. முட்டை வாடை அடிக்கிறது என்று முகம் சுளிப்பவர்களுக்கும் எலுமிச்சைதான் மருந்து: தோலில் ஒரு கீற்றை நுரைக்கு மேலே பிடித்து முறுக்குங்கள். எண்ணெய் பொடித்துளியாகத் தெறிக்கும், மூக்குக்கு அந்த மணம்தான் முதலில் வரும்.

"எலுமிச்சை எல்லா சவரிலும் இருக்கிறது, இதை வேறாக்குவது பழம்தானே" என்று எதிரணியில் இரண்டாவதாகப் பேசியவர் கேட்டார். நல்ல கேள்வி, மனதாரச் சொல்கிறேன். பதிலை அவரே நாக்கில் வைத்துப் பார்க்கட்டும். ஸ்ட்ராபெரியை மசித்து ஒரு ஸ்பூன் சாப்பிடுங்கள். அதே மசியலில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு மறுபடி சாப்பிடுங்கள். இரண்டாவது ஸ்பூனில்தான் ஸ்ட்ராபெரி பளிச்சென்று தெரியும். பழத்தின் குணத்தை எடுத்துக் காட்டுவதே எலுமிச்சை என்றால், பெருமை யாருக்கு?

நிறத்தைப் பற்றி நிறையப் பேசினார்கள். நிறம் பழத்தினுடையதே, அதை விட்டுக்கொடுக்கிறோம்.

எங்கள் அணியின் கணக்கு இதுதான்: விஸ்கி 60 மில்லி, அப்போதே பிழிந்த எலுமிச்சைச் சாறு 25 மில்லி, மசித்த ஸ்ட்ராபெரி மூன்று. வழக்கமாக 20 மில்லி விடும் பாகை 10 அல்லது 15 ஆக்குங்கள். பழம் உள்ளே வந்தால் குறைய வேண்டியது சர்க்கரை. எலுமிச்சையில் ஒரு சொட்டும் குறையக் கூடாது. அதைக் குறைக்கச் சொன்ன அணிக்கு எதிராகவே தீர்ப்பு அமைய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.