ஆலையா, அருவியா? அருவி அணியின் உரை

நடுவர் அவர்களே, வணக்கம். நெல்லைச் சீமைக்குப் பெரிதும் பிழைப்புத் தருவது ஆலையா, அருவியா என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணாச்சி, "குற்றாலத்தில் சீசன் மூணு மாசம், அப்புறம் கடைக்காரன் ஈ ஓட்ட வேண்டியதுதான்" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிவிட்டார். தட்டியவர்களில் பாதிப் பேர் போன ஆடியில் ஐந்தருவியில் நின்றவர்கள்தான்!

சரி, கணக்கைப் பார்ப்போம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல். கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்குப் போகிற ஐயப்ப சாமிமார் குற்றாலத்தில் குளித்துவிட்டுத்தான் மலையேறுகிறார்கள். வடகிழக்கு மழையில் கூந்தன்குளம் பெருகினால் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் வந்து ஊருக்குள் இருக்கிற மரங்களில் கூடு கட்டும். அதைப் பார்க்கத் தனியாக ஒரு கூட்டம். பறவை மிரளக்கூடாதென்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர் அது. பாபநாசம் அகஸ்தியர் அருவியோ கோடையிலும் விழுகிறது. 2019இல் குற்றாலத்தையும் சேர்த்துக்கொண்டு தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்தது உண்மைதான். அதற்காகச் சாரல் எல்லை பார்த்தா விழுகிறது?

ஒரே ஒரு பழக்கடைக்கு வாருங்கள். கடைக்கார அம்மா ஒரு மங்குஸ்தானைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் இருக்கிற பூ மாதிரித் தழும்பைக் காட்டுவார். அதில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. எண்ணச் சொல்வார், அப்புறம் உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பிளந்து காட்டுவார். சரியாக இருக்கும். பந்தயம் கட்டிய பையனின் அப்பா அரைக் கிலோ கேட்டு வந்தவர், ஒரு கிலோ வாங்கிப் போவார். அந்த ஒரு கிலோவில் தோட்டத்தில் பறித்தவர் கூலி இருக்கிறது, இறக்கிய ஆட்டோக்காரர் வாடகை இருக்கிறது. அந்த அம்மாவிடம் யாரும் சான்றிதழ் கேட்கவில்லை, வயது கேட்கவில்லை. உங்கள் ஆலை வாசலில் இரண்டும் கேட்பார்கள், அண்ணாச்சி.

"குற்றாலம் பேரருவியில் இருக்கிற ஆர்ச் வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் போலீஸ் விசிலடித்து அருவியை மூடிவிடும், அன்றைக்கு என்ன செய்வார்கள்?" என்றும் கேட்டார். நல்ல கேள்வி. அன்றைக்குப் பஜ்ஜிச் சட்டி அடுப்பேறாது, துண்டு விற்பவர் துண்டை மடித்து வைப்பார், லாட்ஜ் பையன் வாசலில் உட்கார்ந்திருப்பான். ஒரு நாள் விசிலுக்கு இத்தனை பேர் கை ஓய்கிறதென்றால், மற்ற நாளில் இத்தனை பேருக்குச் சோறு எங்கிருந்து வருகிறது? எங்கள் கட்சிக்கு அவரே சாட்சி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

பாபநாசம் பக்கத்து விக்கிரமசிங்கபுரம் பஞ்சு மில்லைப் பெருமையாகச் சொன்னார். எனக்கும் அதில் பெருமைதான். ஆனால் 1880களில் ஹார்வி சகோதரர்கள் அந்த மில்லை ஏன் மலையடிவாரத்தில் கொண்டுவந்து வைத்தார்கள்? பாபநாசம் அருவித் தண்ணீரின் விசையை நம்பி! ஆலைக்கே தாய் அருவி, நடுவர் அவர்களே.

குப்பை சேருகிறது, பாபநாசத்தில் பழைய துணியை ஆற்றில் விடுகிறார்கள் என்றார். அதை நான் மறுக்கவில்லை, வெட்கக்கேடுதான். ஆனால் காலையில் வந்து மாலையில் ஓடுகிறவர் குப்பையைப் போட்டுவிட்டு, டீக்காசு மட்டும் தந்து போகிறார். ஒரு ராத்திரி தங்குகிறவரால்தான் லாட்ஜுக்கும் பரோட்டாக் கடைக்கும் மறுநாள் வேன்காரருக்கும் வரும்படி. ஆலை கட்ட நிலமும் சாலையும் கரண்டும் தேடிக் கொடுக்கிறோமே, அருவிக்கரையில் பெண்கள் நிம்மதியாக உடை மாற்ற நாலு நல்ல அறை கட்டிக் கொடுங்கள். குடும்பம் தங்குகிறதா இல்லையா என்று அடுத்த சாரலில் வந்து பாருங்கள், அண்ணாச்சி.