ரோமின் வெந்நீர்த் தொட்டியில் என்ன இருந்தது?

(காட்சி: கராகல்லா குளியலகத்தின் இடிந்த சுவர்கள்)

வணக்கம். இது ரோம் நகரத்தின் கராகல்லா குளியலகம், கி.பி. 216-இல் திறக்கப்பட்டது. தரைக்கு அடியில் சூடான காற்று ஓடும், அறை முழுக்க வெதுவெதுப்பாக இருக்கும்.

வருபவர்கள் உடம்பில் எண்ணெய் தேய்த்து, வியர்க்கவிட்டு, வளைந்த உலோகச் சுரண்டியால் அழுக்கை வழித்தெடுப்பார்கள். அப்புறம் வெந்நீர்த் தொட்டியில் இறங்குவார்கள். எத்தனை பேர் இறங்கினாலும் தொட்டி ஒன்றுதான். குளியலை நினைத்தாலே எண்ணெய், வியர்வை, அழுக்கு, பிசுக்குத் தண்ணீர்தான் நினைவுக்கு வருகின்றன என்று பேரரசர் மார்கஸ் அவுரேலியஸே எழுதி வைத்திருக்கிறார்.

(காட்சி: குளியலகத்தின் ஓவியம், வாசலில் கூட்டம்)

இன்னொன்றும் உண்டு. அந்தக் கால மருத்துவர்கள் பல நோய்களுக்குக் குளியலை மருந்தாகச் சொன்னார்கள். பேரரசர் ஹேட்ரியன் ஆட்சியில், பகலின் எட்டாம் மணிக்கு (சூரிய உதயத்திலிருந்து எண்ணும் கணக்கு, அதாவது மதியத்துக்குச் சற்றுப் பிறகு) முன்னால் நோயாளிகள் தவிர வேறு யாரும் பொதுக் குளியலகத்தில் குளிக்கக் கூடாது என்று உத்தரவு இருந்ததாக அவருடைய வரலாறு சொல்கிறது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காலையில் வயிற்றுப்போக்குக்காரரும் புண் உள்ளவரும் குளிக்கிறார்கள். மதியத்துக்கு மேல் ஊரே வந்து இறங்குகிறது.

ஆபத்தை ஒருவர் கவனித்திருந்தார். முதல் நூற்றாண்டில் மருத்துவம் பற்றி எழுதிய செல்சஸ். காயம் சுத்தமாவதற்கு முன் குளிக்காதீர்கள், புண் ஈரமாகி, அழுக்காகி, அழுகிப் போகும் என்றார். கிருமி என்று ஒன்று இருப்பதே தெரியாத காலம் அது. அவருடைய கண்ணுக்கு நான் தலைவணங்குகிறேன்.

(காட்சி: கழிப்பறைக் கல் இருக்கைகள், நுண்ணோக்கியில் புழு முட்டை)

சரி, இத்தனை குளியலும் கழிப்பறையும் நோயைக் குறைத்தனவா? பழைய கழிவறை மண்ணிலும் காய்ந்துபோன மலத்திலும் கிடைத்த புழு முட்டைகள் பற்றிய தகவல்களைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் பியர்ஸ் மிட்செல் திரட்டி, 2016-இல் வெளியிட்டார். ரோமானிய ஆட்சி வந்த பிறகும் சாட்டைப்புழு, உருளைப்புழு குறையவில்லை. பேனும் தெள்ளுப்பூச்சியும்கூட, அதிகம் குளிக்காத பிற்கால மக்களிடம் இருந்த அளவுக்கே இருந்தன. வயலுக்கு மனிதக் கழிவை எருவாகப் போட்டது ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார் அவர். கழிப்பறையில் போன முட்டை, காய்கறியோடு வீட்டுக்கே திரும்பி வந்திருக்கும்.

இதற்காக அவர்களுடைய தண்ணீர் வேலையைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனம் வரவில்லை. கி.மு. 312-இல் முதல் கால்வாய் வந்தது. மூன்றாம் நூற்றாண்டுக்குள் 11 கால்வாய்கள் நகரத்துக்கு நீர் கொண்டுவந்தன.

(காட்சி: உடைந்த கால்வாய் வளைவுகள்)

கி.பி. 537-இல் ரோமை முற்றுகையிட்ட கோத் என்ற ஜெர்மானிய இனத்தின் படை அவற்றை அறுத்தது. குளியலகங்கள் இயங்காமல் நின்றன. கால்வாய் நீரில் சுழன்ற மாவு ஆலைகளும் நின்றன. நகரைக் காத்து நின்ற தளபதி பெலிசாரியஸ் டைபர் ஆற்றில் படகுகளைக் கட்டி, அவற்றில் ஆலைகளை ஓட்டி ஊருக்கு மாவு அரைத்தார். பிற்பாடு குன்றுகளில் இருந்தவர்கள் மெல்ல மெல்ல ஆற்றங்கரைப் பக்கம் இறங்கினார்கள்.

பெரும்பகுதி நிலத்தடியில் ஓடிய விர்கோ கால்வாய் மட்டும் பலமுறை பழுது பார்க்கப்பட்டுப் பிழைத்துக்கொண்டது. அதன் வழியில் வரும் நீர்தான் இன்றைக்கும் ட்ரெவி நீரூற்றில் கொட்டுகிறது.